வவ்வால் பத்தி வேலூர் பக்கத்துல எங்ககிட்ட திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் வவ்வால் பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்கும் வேல செய்யிற ஒரு சின்ன டிரஸ்ட்டுல நான் இருக்கேன். ஸ்கூல்ல பேசப் போனாலும் சரி, மாந்தோப்புல நின்னாலும் சரி, கோயில் கமிட்டிக்காரங்களோட உக்காந்தாலும் சரி, அதே கேள்விங்கதான் சுத்திச் சுத்தி வருது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வெச்சிடலாம்னு பாத்தேன். கேட்டவங்க கேட்ட வார்த்தையிலயே கேள்விய போட்டிருக்கேன். மேல சொன்னத கீழ மறுபடி சொல்லல, அதனால முடிஞ்சா வரிசையா படிங்க. யாரையாவது வவ்வால் கடிச்சிருந்தா மட்டும் மத்தத விட்டுட்டு நேரா கடி பத்தின கேள்விக்குப் போயிடுங்க.

வவ்வால் பறவையா, மிருகமா சார்?

மிருகம்தான். குட்டி போட்டு பால் குடுக்கும், உடம்புல முடி இருக்கும், இறகு கெடையாது. ரெக்கைன்னு நாம சொல்றது அதோட கை, விரல் எலும்புங்க நீளமா வளந்து நடுவுல தோல் படர்ந்திருக்கு, கட்டவிரல் மட்டும் வளஞ்ச நகத்தோட வெளிய நிக்கும், அத வெச்சுதான் கெளைய புடிச்சு ஏறும். பாலூட்டிங்கள்ல ரெக்க அடிச்சுப் பறக்குறது இது ஒண்ணுதான், பறக்கும் அணில்னு சொல்றதெல்லாம் ஒசரத்துலேர்ந்து சறுக்கிக்கினு எறங்குறதுதான். உலகத்துல 1,400 வகைக்கு மேல இருக்கு, இந்தியாவுல மட்டும் சுமார் 130.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ பல பதிலுக்கு இது தேவப்படும். பெரிய பழந்தின்னி வவ்வால் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டிதான் போடும். எலி மாதிரி ஈத்துக்கு எட்டு பத்து போடுற ஜாதி இல்ல. ஒரு மரத்துல நூறு செத்தா அந்த நூறு திரும்பி வர்றதுக்கு வருஷக்கணக்குல ஆகும்.

நம்ம பக்கம் இன்னா இன்னா வவ்வால் கீது?

எல்லாருக்கும் தெரிஞ்சது ஊரு ஆலமரத்துலயும் புளியமரத்துலயும் பகல்லயே கத்திக்கினு தொங்குற பெரிய பழந்தின்னி. ரெக்கைய விரிச்சா ஒரு மீட்டருக்கு மேல வரும், கழுத்துக்கிட்ட செம்பழுப்பு முடி, மூஞ்சி நாய் மூஞ்சி. அடுத்தது குட்டமூக்கு பழந்தின்னி, இது கொஞ்சமாதான் கூடும். ஆண் வவ்வால் நெட்டிலிங்க மரத்துலயோ பனையிலயோ எலைய, காம்ப கடிச்சுக் கடிச்சு வளச்சு ஒரு கூடாரம் பண்ணிட்டு, அதுக்குள்ள பொட்டைங்க வந்து தங்குறதுக்காக உக்காந்திருக்கும். உங்க ஆபீஸ் காம்பவுண்ட்ல வரிசையா நெட்டிலிங்கம் இருந்தா ஒரு தடவ அண்ணாந்து பாருங்க.

பூச்சி தின்னுற சின்னதுங்கதான் அதிகம், ஆனா யார் கண்ணுக்கும் படாது. சாயங்காலம் தெருவிளக்க சுத்திச் சுத்தி பறக்குற குட்டியூண்டு வவ்வால் மூணு நாலு கிராம்தான் வரும், சுவர் விரிசல்ல, ஓட்டு இடுக்குல தங்கும். பழைய கோட்ட, மண்டபம், பாறை இடுக்குல எலிவால் வவ்வால் இருக்கும், வால் உடம்பு நீளத்துக்கு தனியா தொங்கும், பாத்தா உடனே தெரியும். பெரிய காது வெச்ச இன்னொரு வகை இருக்கு, அது பூச்சியோட தவள, பல்லி, சுண்டெலி வரைக்கும் புடிக்கும்.

அதுக்கு கண்ணே தெரியாதாமே?

நல்லா தெரியும். பெரிய பழந்தின்னி முழுக்க கண்ணையும் மூக்கையும் நம்பித்தான் போவுது, அதுக்கு எதிரொலி வெச்சு வழி கண்டுபிடிக்கிற வித்தையே கெடையாது. பூச்சி தின்னிங்கதான் வாயாலயோ மூக்காலயோ ரொம்ப கீச்சுன்னு ஒரு சத்தம் போட்டு, அது பூச்சி மேல பட்டு திரும்புறத கேட்டு புடிக்கும். நம்ம காதுக்கு 20 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் எட்டும், அதுங்க பெரும்பாலும் அதுக்கு மேல பேசுதுங்க, அதான் நமக்கு அமைதியா தெரியுது.

ரத்தம் குடிக்கும்னு எங்க பாட்டி சொல்லுது

ரத்தம் குடிக்கிறது உலகத்துலயே மூணே வகைதான். மூணும் மெக்சிகோலேர்ந்து தென் அமெரிக்கா வரைக்கும்தான் இருக்கு. நம்ம நாட்டுல ஒண்ணு கூட இல்ல. பாட்டிகிட்ட சண்ட போட வேணாம், சாயங்காலம் கூட்டிக்கினு போய் அது அத்திப்பழம் தின்னுறத காட்டுங்க.

வவ்வாலுக்குன்னு ஒரு டிரஸ்ட்டா? ஊர்ல வேற பிரச்சனையே இல்லையா?

இந்தக் கேள்விய கோவமில்லாமதான் எடுத்துக்குறேன், ஏன்னா புலிக்கும் யானைக்கும் ஆள் இருக்கு, வவ்வாலுக்கு யாரும் இல்லாததாலதான் இந்த வேலையே தேவப்படுது. அமெரிக்காவுல 1982ல மெர்லின் டட்டில்னு ஒருத்தர் பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல் ஆரம்பிச்சாரு. டெக்சாஸ்ல ஆஸ்டின் ஊர்ல ஒரு பாலத்த 1980 வாக்குல புதுப்பிச்சு கட்டினப்ப அடியில வந்த இடுக்குங்கள்ல லட்சக்கணக்குல வவ்வால் குடியேறிடுச்சு, ஊரே பயந்து அழிக்கச் சொல்லி மனு குடுத்துச்சு. இவங்க போய் பேசிப் பேசி மனச மாத்தினாங்க. இன்னிக்கு கோடைல அங்க சுமார் 15 லட்சம் வவ்வால் இருக்கு, அது பொறப்படுறத பாக்க சாயங்காலம் டூரிஸ்ட் கூட்டம் பாலத்து மேல நிக்குது. நம்ம பக்கத்துல கோயம்புத்தூர் ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன் தெற்காசிய வவ்வால் ஆராய்ச்சிக்காரங்கள ஒண்ணு சேக்குற நெட்வொர்க் ஒண்ண ரொம்ப வருஷமா நடத்தினாங்க. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல எம்.கே. சந்திரசேகரன் குகைக்குள்ள வவ்வால வெச்சு உடம்புக் கடிகாரம் பத்தி பண்ண ஆராய்ச்சிய உலகம் முழுக்கத் தெரியும்.

எங்க வேல அவ்ளோ பெருசு இல்ல. எந்த மரத்துல, எந்த மண்டபத்துல வவ்வால் இருக்குன்னு பாத்து வெக்கிறது, வருஷா வருஷம் எண்றது, மரம் வெட்ட வந்தா பேசுறது, ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறது, அடிபட்டது வந்தா வனத்துறையோட சேந்து பாத்துக்குறது. இதுல பாதிக்கு மேல பேச்சுதான், பயம் போனாலே முக்காவாசி பிரச்சன போயிடும்னு நான் உறுதியா நம்புறேன்.

எப்படி எண்ணுவீங்க? அதுதான் பறந்துக்கினே கீதே!

பெரிய பழந்தின்னிய எண்றதுக்கு ரெண்டு வழி. பகல்ல மரத்துக்கு அடியில நின்னு கெளை கெளையா எண்றது ஒண்ணு. இன்னொண்ணு சாயங்காலம் பொழுது சாயறதுக்கு முன்னாடியே போய், மேற்கு வெளிச்சம் பின்னால விழுற மாதிரி எடம் புடிச்சு, கவுண்டர கையில வெச்சுக்கினு, ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கினு அத தாண்டுறத மட்டும் எண்றது. முதல்ல ரெண்டு மூணு கெளம்பி மரத்தையே சுத்தும், அப்புறம் கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணுமே நடக்காது, திடீர்னு மொத்தமா பொறப்படும், அந்த நேரத்துல கண்ண எடுத்தா கணக்கு போச்சு. ரெண்டு பேர் தனித்தனியா எண்ணி கடசியில ஒப்பிட்டுப் பாப்போம், ஒத்து வரலன்னா இன்னொரு நாள் மறுபடி.

கெளம்பினது நேரா தோப்புக்குப் போவாது, நெறைய சமயம் முதல்ல ஏரிக்குத்தான் போவும். தண்ணிக்கு மேல தாழப் பறந்து நெஞ்ச மட்டும் நனச்சுக்கினு, மரத்துல போய் தொங்கி அந்த ஈர முடிய நக்கிக் குடிக்கும். பாலாறு காஞ்சு கெடக்குற மாசங்கள்ல எந்த ஏரில தண்ணி இருக்குன்னு இதுங்க போற திசைய வெச்சே சொல்லிடலாம். பூச்சி தின்னிங்கள கண்ணால எண்ண முடியாது, அதுக்கு பேட் டிடெக்டர்னு ஒரு கருவி, நம்ம காதுக்கு எட்டாத சத்தத்த கேக்குற சத்தமா மாத்திக் குடுக்கும். டக் டக்குனு வந்துக்கினே இருந்து பூச்சிய நெருங்க நெருங்க வேகமாகி கடசியில ஒரே சர்ருனு ஆயிடும். பசங்க கையில இத குடுத்தா அப்புறம் திருப்பி வாங்குறது கஷ்டம்.

அதால நமக்கு இன்னா லாபம்?

லாபம் இல்லன்னாலும் அது வாழணும்னுதான் நான் நெனைக்கிறேன், ஆனா லாபம் நெறையவே இருக்கு. இலவம்பஞ்சு மரம் ராத்திரிலதான் பூ விரியும், நம்ம பக்கம் அதுக்கு மகரந்தம் கொண்டு போறதுல பழந்தின்னிங்க பங்கு ரொம்பப் பெருசு. இலுப்பைப் பூவோட சதைய தின்னும், பழத்த தூக்கிக்கினு போய் கொட்டைய வேற எடத்துல போடும். ஆல், அரசு, அத்தி விதைங்க எச்சத்தோட விழுந்து மொளைக்கும். காலைல மொட்டமாடில நாட்டு வாதுமக் கொட்டை ஒண்ணு நாரா கெடந்தா, ராத்திரி யாரு வந்துட்டுப் போனாங்கன்னு தெரிஞ்சுக்கலாம்.

பூச்சி தின்னிங்க விஷயம் இன்னும் நேரடி. தாய்லாந்துல பண்ண ஆராய்ச்சியில அங்க குகை வவ்வாலுங்க நெல்லுக்கு வர்ற வெண்முதுகு தத்துப்பூச்சிய கூட்டம் கூட்டமா தின்னுறது தெரிஞ்சுது. அமெரிக்காவுல விவசாயத்துக்கு வவ்வால் செய்யிற வேலைக்கு மதிப்பு போட்டப்ப கொறஞ்சது வருஷத்துக்கு 370 கோடி டாலர்னு 2011ல கணக்கு சொன்னாங்க. ஆற்காடு பக்கம் நெல்லு வெக்கிறவங்களும் அணைக்கட்டு பக்கம் கத்திரி போடுறவங்களும் ராத்திரி அந்துப்பூச்சிக்கு எவ்ளோ மருந்து அடிக்கிறாங்கன்னு அவங்களுக்கே தெரியும், அந்த அந்துப்பூச்சிங்கதான் இதுங்களுக்கு சாப்பாடு.

லாபம்லாம் சரி, என் தோப்புல பழத்த நாசம் பண்ணுதே, அதுக்கு பதில் சொல்லுங்க

நாசம் பண்றது உண்மைதான், இல்லன்னு சொன்னா எந்த விவசாயியும் எங்கள மதிக்க மாட்டாரு. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் மாந்தோப்புல நின்னு பாத்தா தெரியும். ஆனா அது தேடுறது மரத்துலயே கனிஞ்சத. மண்டிக்குப் போற மாங்கா முத்தினதும் காயாவே பறிச்சிடுறாங்க, அதுல சேதம் கம்மி. கொய்யாவும் மரத்துலயே பழுக்க விடுற மத்ததும்தான் அடி வாங்குது. அணிலும் கிளியும் பகல்ல கொறிச்சதும் காலைல வவ்வால் கணக்குலயே சேந்துடும், இதையும் பாக்கணும்.

வல போடணும்னா சின்னக் கண்ணி வல, நம்ம சுண்டுவிரல் நொழையாத அளவுக்கு, வெள்ள நெறத்துல, மரத்து மேல தொளதொளன்னு விடாம ஒரு சட்டத்துல இழுத்துக் கட்டுங்க. மீன் வலையோ பெரிய கண்ணி நைலான் வலையோ போட்டா ரெக்க மாட்டி விடியற வரைக்கும் துடிச்சு சாவும், பாம்பு, ஆந்தைன்னு மத்ததும் மாட்டும். நாலஞ்சு மரம் இருக்குற வீட்டுக்காரங்க கொலைய மட்டும் துணிப்பையில கட்டினாலே போதும். லைட்டு, ரேடியோ, தகர டப்பா எல்லாம் கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் அதுக்குப் பழகிடும். கரன்ட் வெக்கிறது சட்டப்படி குத்தம், மனுஷன் உயிரும் போயிருக்கு.

மொத்தமா அழிச்சிட்டா தோப்பு தப்பிச்சிடும்ல?

மொரீஷியஸ் தீவுல அரசாங்கமே இத செஞ்சு பாத்துச்சு. லிச்சிப் பழத்த காப்பாத்தணும்னு 2015, 2016ல 30,000க்கு மேல பழந்தின்னிய சுட்டாங்க. விளைச்சல் கூடல. அந்த வவ்வால் வகை மட்டும் அழியுற பட்டியல்ல இன்னும் மேல போச்சு. வருஷத்துக்கு ஒரு குட்டிங்கற கணக்க இங்க வெச்சுப் பாருங்க.

நிபா வருமே, அதுக்கு இன்னா சொல்றீங்க?

இத லேசா எடுத்துக்கக் கூடாது. நிபா வைரஸ் இயற்கையாவே தங்கியிருக்குறது பெரிய பழந்தின்னி ஜாதியிலதான். 1998, 99ல மலேசியால பழமரத்துக்கு அடியில இருந்த பன்னிப் பண்ணை வழியா மனுஷங்களுக்கு வந்துச்சு. பங்களாதேஷ்ல ராத்திரி எறக்குற பச்ச ஈச்சம் சாறு வழியா வருது, வவ்வால் அந்தப் பானையில நக்கிட்டுப் போவுது. 2018ல கோழிக்கோடு, மலப்புரம் பக்கம் 17 பேர் எறந்தாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்கு பரவுனது நோயாளிகிட்டேர்ந்து, ஆஸ்பத்திரில.

அதனால மரத்துல வவ்வால் தொங்குறது உங்களுக்கு நோய் குடுக்காது, அதோட எச்சிலும் மூத்திரமும் உங்க வாய்க்குப் போறதுதான் வழி. கீழ விழுந்த, பல்லு பட்ட பழத்த சாப்பிடாதீங்க, பசங்களுக்கும் ஆடு மாட்டுக்கும் போடாதீங்க. மத்த பழத்த கழுவி, தோல சீவி சாப்பிடுங்க. பதநீர் எறக்குறவங்க கலயத்து வாய வவ்வால் நக்க முடியாதபடி மூடிக் கட்டுங்க. வவ்வால் மரத்துக்கு அடியில கெணறோ தொட்டியோ இருந்தா மூடி போடுங்க. செத்த வவ்வால வெறுங்கையால தொடாதீங்க.

அப்ப வெடி போட்டு வெரட்டிட்டா நோயே வராதுல்ல?

கேக்க நியாயமா இருக்கு, ஆனா நடக்குறது தலகீழ். வைரஸ் இருக்குற வவ்வால்கூட எல்லா நாளும் அத வெளிய விடுறதில்ல. பட்டினி, பயம், எடம் போற அலைச்சல், இதெல்லாம் வந்தாத்தான் அதிகமா வெளிய வருதுன்னு பல ஆராய்ச்சி காட்டுது. வெரட்டினா ஒரு மரத்துல இருந்தது பத்து தெருவுல பிரிஞ்சு போய் உக்காரும், அவ்ளோதான்.

உகாண்டால ஒரு சுரங்கத்துல, மனுஷன் உயிரையே எடுக்குற மார்பர்க்னு ஒரு வைரசுக்குப் பயந்து அங்க இருந்த பழந்தின்னிங்கள அழிச்சாங்க. கொஞ்ச வருஷத்துல புதுசா வந்து குடியேறின கூட்டத்துல வைரஸ் இருந்தது முன்ன இருந்தத விட ரெண்டு மடங்குக்கு மேல. அந்த வட்டாரத்துல நோயும் மறுபடி வந்துச்சு. ஒரு ஊர் கூட்டத்துல வவ்வால் மரம் பத்திப் பேச எனக்கு ரெண்டே நிமிஷம் குடுத்தா நான் இதத்தான் சொல்வேன்.

கொரோனா வவ்வால்லேர்ந்துதான வந்துச்சு?

அதுக்கு நெருங்கின வைரஸ் சீனாவுல குதிரலாட வவ்வால்கிட்ட கெடச்சது, ஆனா மனுஷனுக்கு எப்படி எந்த வழியா வந்துச்சுன்னு இன்னும் முடிவாகல. 2020ல ஐசிஎம்ஆர் தமிழ்நாடு உட்பட சில எடத்துல பழந்தின்னி மாதிரிங்கள சோதிச்சப்ப வவ்வால் கொரோனா வைரஸ் கெடச்சதுன்னு செய்தி வந்து, எங்க பக்கம் ரெண்டு மூணு ஊர்ல மரத்தையே வெட்டணும்னு கெளம்பினாங்க. அந்த ஆராய்ச்சியிலயே இது மனுஷனுக்கு நோய் குடுக்குதுன்னு ஆதாரம் இல்லன்னு எழுதியிருந்துச்சு. செய்தில தலைப்பு மட்டும் பெருசா வந்துச்சு.

கடிச்சிடுச்சு, இன்னா பண்ணணும்?

சின்னக் கீறலா இருந்தாலும் ஓடுற தண்ணில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்ச, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வெக்காதீங்க. நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் வவ்வால் கடின்னு தெளிவா சொல்லுங்க, வெறிநாய்க்கடிக்குப் போடுற ஊசி தேவையான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும். அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி, தாலுகா அரசு ஆஸ்பத்திரிங்கள்ல அந்த ஊசி காசில்லாம போடுறாங்க. நம்ம நாட்டுல ரேபிஸ் கிட்டத்தட்ட எல்லாமே நாய் மூலமாத்தான் வருது, ஆனா வந்தா உயிர் பொழைக்காத நோய்ங்கறதால யாரும் ரிஸ்க் எடுக்க வேணாம். ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, கடி வாங்கினவங்கள்ல முக்காவாசி பேரு அத கையில புடிச்சவங்கதான்.

ராத்திரி வூட்டுக்குள்ள பூந்துடுச்சு, புள்ளங்க கத்துது

ஃபேன முதல்ல நிறுத்துங்க, அது அடிபடுறது பெரும்பாலும் ஃபேன்லதான். ரூம் லைட்ட அணைச்சு, ஜன்னல் கதவ தொறந்து விட்டு, உள்கதவ சாத்திட்டு எல்லாரும் வெளிய வந்துடுங்க. தானா போயிடும். தலமுடில வந்து மாட்டிக்கும்ங்கறது வீண் பயம், பூச்சிய தொரத்தி வந்து வழி தெரியாம சுத்துது, அவ்ளோதான்.

கீழ விழுந்து கெடந்தா தடிமனான துணி போட்டு, கையுறையோட எடுத்து, காத்து போற அட்டப்பெட்டில வெச்சு, வனத்துறைக்கு தகவல் குடுங்க. அடிபடலன்னா, இருட்டினதும் துணியோட கொண்டு போய் ஆள் ஒசரத்துல மரத்துல தொத்த விடுங்க, பல வகைக்கு தரையிலேர்ந்து எழும்பிப் பறக்க வராது. பாலு, வாழப்பழம்னு ஊட்டாதீங்க.

எங்க ஓட்டுக்கு உள்ள குட்டி குட்டியா கீது, மருந்து அடிச்சா பூடுமா?

மருந்து அடிக்காதீங்க. உள்ளயே செத்து நாறும், அந்த மருந்து உங்க மூக்குலயும் ஏறும். தொந்தரவு இல்லன்னா அப்படியே விட்டுடுங்க, கொசு, ஈசல், அந்துப்பூச்சி எல்லாத்தையும் அது பாத்துக்கும்.

போயே ஆகணும்னா, அது எந்த இடுக்குல வெளிய வருதுன்னு சாயங்காலம் நின்னு பாருங்க. அந்த இடுக்குக்கு மேல பக்கம் மட்டும் ஒட்டி கீழ் பக்கம் தொங்குற மாதிரி ஒரு கொசுவல துண்டு வைங்க, வெளிய வர முடியும், திரும்பி நொழைய முடியாது. ஒரு வாரம் விட்டு ஒண்ணும் வரலன்னு உறுதியானதும் சிமென்ட் வெச்சு அடைங்க. ஆனா பங்குனிலேர்ந்து ஆடி வரைக்கும் இத செய்யவே கூடாது, பறக்கத் தெரியாத குட்டி உள்ள இருக்கும், தாய் வெளிய மாட்டிக்கும்.

கோயில் மண்டபத்துல எச்சமும் நாத்தமும் தாங்கல

புரியுது, தெனம் கூட்டுறவங்களுக்கு அது பெரிய தொல்ல. வவ்வால் தங்குறது பெரும்பாலும் இருட்டான ஒரு மூலையில, மொத்த மண்டபத்துலயும் இல்ல. அந்த எடத்துக்கு கீழ தார்ப்பாய் விரிச்சு வாராவாரம் எடுத்துட்டா கல்லும் கெடாது, எச்சம் நல்ல உரமாவும் ஆயிடும். காஞ்ச எச்சத்த வெறுமன கூட்டாதீங்க, அதுல பூஞ்ச காளான் வளரும், தூசியோட நெஞ்சுக்குள்ள போனா கெடுதல். தண்ணி தெளிச்சு, மாஸ்க் போட்டுக்கினு எடுக்கணும். பொகை போட்டு வெரட்டுறது வேணாம், காரணம் மேல சொன்னதுதான்.

கறி சாப்ட்டா இளைப்பு போவும்னு சொல்றாங்களே?

போவாது. இத நம்பி நம்ம மாவட்டங்கள்லயும் மலையடிவாரத்துலயும் இன்னும் வேட்டையாடுறாங்க. ஆஸ்துமாவுக்கு மூச்சுக்குழாய விரிக்கிற மருந்து இருக்கு, இன்ஹேலர் இருக்கு, அரசு ஆஸ்பத்திரிலயே குடுக்குறாங்க. புடிக்கும்போதும் அறுக்கும்போதும் எச்சில், ரத்தம் கையில படுதே, நிபா பத்தி மேல சொன்னத அங்க வெச்சுப் பாருங்க. இளைப்புக்குன்னு வாங்கித் தர்றவங்க பாசத்துலதான் தர்றாங்க, அதனால அவங்கள திட்டாம, பக்கத்துல உக்காந்து டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறதுதான் எங்க வழக்கம்.

அத கொன்னா கேஸ் கெடையாதுன்னு சொல்றாங்க

பழைய கத அது. 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல பழந்தின்னிங்க எலி, காக்காவோட சேத்து அஞ்சாவது அட்டவணைல இருந்துச்சு, அதாவது தொல்லப் பிராணி. தேனி மாவட்டம் மேகமலைல 1948ல கெடச்ச சலீம் அலி பழந்தின்னி மாதிரி ஒண்ணு ரெண்டுக்குத்தான் முழுப் பாதுகாப்பு. 2022 திருத்தத்துல அந்த அட்டவணையையே எடுத்துட்டாங்க, 2023 ஏப்ரல் 1லேர்ந்து அமல். பெரிய பழந்தின்னி இப்ப ரெண்டாவது அட்டவணைல இருக்கு, வேட்டையாடினா ஜெயிலும் அபராதமும் உண்டு. 2025 ஜூலைல சேலம் மாவட்டத்துல வவ்வால வேட்டையாடி சில்லி சிக்கன்னு வித்ததா ரெண்டு பேர வனத்துறை கைது பண்ணுச்சு.

கரன்ட் கம்பில தொங்குது, குட்டி உசுரோட கீது

நீங்க ஏறாதீங்க, கம்பு வெச்சும் தட்டாதீங்க. மொதல்ல மின்வாரியத்துக்கு போன் பண்ணி லைன நிறுத்தச் சொல்லுங்க, அப்புறம் வனத்துறை. ரெக்க பெருசா இருக்குறதால ரெண்டு கம்பிய ஒரே நேரத்துல தொட்டுடும், தாய் அங்கயே போயிடும். மாசி, பங்குனில பொறந்த குட்டி தாயோட நெஞ்சுல பல்லாலயும் காலாலயும் கவ்விக்கினு இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆவாம அப்படியே பால் குடிக்கப் பாத்துக்கினு இருக்கும். அந்தக் குட்டிய பிச்சு எடுக்கக் கூடாது, காம்ப வாயில கவ்வியிருக்குறதால அதோட வாய்தான் கிழியும். பழகினவங்க வர்ற வரைக்கும் தாயோடயே துணில சுத்தி நெழல்ல வைங்க. காத்தாடி மாஞ்சா நூல்ல மாட்டினதுக்கும் இதே முறதான், நூல இழுக்காம ரெண்டு பக்கமும் வெட்டி விட்டு கொண்டு வாங்க.

கத்திரி வெயில்ல மரத்துலேர்ந்து பொத்து பொத்துனு விழுதே, ஏதாவது நோயா?

பெரும்பாலும் வெயில்தான். ஆஸ்திரேலியாவுல 42 டிகிரி தாண்டினா பழந்தின்னிங்க கொத்துக்கொத்தா சாவுறத பாத்து எழுதி வெச்சிருக்காங்க, 2020 மே மாசம் உத்தரப்பிரதேசம் கோரக்பூர் பக்கம் செத்து விழுந்ததுக்கும் வெயில்தான் காரணம்னு பரிசோதனைல வந்துச்சு. நம்ம வேலூர் வெயில் எப்படின்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம். மத்தியானம் மரத்த பாருங்க, ரெக்கையால விசிறிக்கும், உடம்ப நக்கி ஈரமாக்கும், வாய தொறந்து மூச்சு வாங்கும், அதுக்கும் மேல போனா கீழ் கெளைக்கு எறங்கி ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிக்கும். அப்ப கிட்ட போயிடாதீங்க, பயந்து பறந்தா இருக்குற தெம்பும் போயிடும். பக்கத்துல ஏரி, குட்டைல தண்ணி இருக்குறதும் சுத்தி இருக்குற மரத்த வெட்டாததும்தான் நெசமான உதவி.

ஆனா மொத்தமா செத்தா, வெயில்னு நாமளே முடிவு பண்ணாம கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் சொல்லிடணும், அவங்க மாதிரி எடுக்கட்டும்.

தீபாவளிக்கு பட்டாசு வெடிக்காம இருக்கணுமா?

வவ்வால் மரத்துக்கு பக்கத்துல வேணாம்னு கேட்டுக்குறோம், ஊரு முழுக்க இல்ல. தமிழ்நாட்டுல வவ்வாலுக்காக பல வருஷமா பட்டாச விட்ட ஊருங்க இருக்கு, விழுப்புரம் பக்கம் கழுப்பெரும்பாக்கம் ஒண்ணு. மதுரை பக்கம் புளியங்குளத்துல ஆலமரத்து வவ்வால சாமி காரியமா காப்பாத்துறத ஆராய்ச்சிக்காரங்க 1988லயே எழுதியிருக்காங்க. அந்த ஊருக்கெல்லாம் எந்த டிரஸ்ட்டும் போய் சொல்லிக் குடுக்கல, அவங்ககிட்டேர்ந்துதான் நாங்க கத்துக்குறோம்.

ஒரு மரம் போனா வேற மரத்துக்குப் போவாதா? இதுக்கா ரோடு வேலைய நிறுத்தணும்?

போவும், எடம் இருந்தா. அவ்ளோ கூட்டத்த தாங்குற ஆலமரமோ புளியமரமோ ஆவறதுக்கு ரெண்டு மூணு தலமுற வேணும், நட்ட கன்னுல போய் தொங்க முடியாது. குகையில இருக்குறதுங்க நெலம இன்னும் மோசம். நம்ம ஊர்லேர்ந்து பெங்களூர் ரோட்டுல ரெண்டு மூணு மணி நேரம் போனா கோலார் மாவட்டம், அங்க அனுமனஹள்ளின்னு ஒரு கிராமம். கோலார் எலைமூக்கு வவ்வால்னு ஒரு வகை உலகத்துலயே அந்த ஊர்ல ஒரே ஒரு குகையில மட்டும்தான் மிச்சம், 200 கூட தேறாது. முன்ன பக்கத்து ஊர் குகையிலயும் இருந்துச்சு, அங்க இப்ப இல்ல. காரணம் கிரானைட்டுக்காக பாறைய ஒடைச்சது. பெங்களூர் பேட் கன்சர்வேஷன் இந்தியா டிரஸ்ட் கர்நாடக வனத்துறையோட சேந்து அந்த ஒரு குகைய காப்பாத்திக்கினு இருக்காங்க. நம்ம மூணு மாவட்டத்துலயும் பாறைங்களுக்கும் குவாரிங்களுக்கும் கொறச்சல் இல்ல, ஒடைக்கிறதுக்கு முன்னாடி உள்ள இன்னா இருக்குன்னு ஒரு சாயங்காலம் டிடெக்டரோட நின்னு பாக்க விடுங்கன்னுதான் நாங்க கேக்குறோம்.

ரோட்டு விஷயத்துல நாங்க வேலைய நிறுத்தச் சொன்னதில்ல. அந்த ஒரு மரத்த ஒட்டி ரோட்ட கொஞ்சம் வளைக்க முடியுமா, முடியாதுன்னா குட்டி பறக்குற வரைக்கும் தள்ளிப் போட முடியுமான்னு மனு குடுப்போம். சில எடத்துல கேட்டாங்க, சில எடத்துல நாங்க போறதுக்குள்ள மரம் லாரில ஏறியிருந்துச்சு.

எந்த மரத்துல, எந்த குகையில கீதுன்னு ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க? நாங்களும் போட்டோ எடுப்போம்ல

ஊரு நடுவுல எல்லாருக்கும் தெரிஞ்ச மரத்துக்கு தாராளமா கூட்டிக்கினு போறோம். குகையும் பாழடைஞ்ச மண்டபமும் சொல்றதில்ல, ஏன்னா போட்டோக்கு முன்னாடி வேட்டைக்காரன் போயிடுறான். ஃப்ளாஷ் அடிச்சு, டார்ச்ச நேரா காட்டி, கல்லு வீசி பறக்க வெச்சு வீடியோ எடுக்குறதும் நடக்குது. குட்டி இருக்குற நேரத்துல ஒரு தடவ மொத்தமா கெளப்பினா போதும், தாய்கிட்டேர்ந்து நழுவி விழுந்த குட்டிங்க தரையில கெடக்கும்.

உங்களோட சேரணும்னா காசு கட்டணுமா? பயமா வேற இருக்கு

காசு வேணாம். சாயங்காலம் எண்ண வர்றதுக்கு பொறுமையும் கழுத்து வலிய தாங்குற மனசும் போதும். எண்ண வர்றவங்க யாரும் வவ்வால தொட வேண்டியதே இல்ல, பயமும் ரெண்டு சாயங்காலத்துல தானா போயிடும். அடிபட்டத கையில எடுக்குறவங்க மட்டும் முன்கூட்டியே ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்கணும், அதுல யாருக்கும் விதிவிலக்கு கெடையாது.

மத்தவங்கள தொடாதேன்னு சொல்றீங்க, ஆராய்ச்சிக்காரங்க மட்டும் வல போட்டு புடிக்கலாமா?

இது சரியான கேள்வி, எங்களுக்குள்ளயே இத பேசிக்குவோம். சில வகைய காது, மூக்கு, முழங்கை எலும்பு நீளம் அளந்தாத்தான் பிரிக்க முடியும், சத்தத்த மட்டும் வெச்சு சொல்ல முடியாது. அதுக்கு தலைமை வன உயிரினக் காப்பாளர்கிட்ட எழுத்துல பர்மிஷன் வாங்கணும், பயிற்சி எடுத்தவங்கதான் மெல்லிசு வலய போடணும், போட்டுட்டு வேற எங்கயும் போவக் கூடாது, அங்கயே நின்னு மாட்டினதும் எடுக்கணும். சினையா இருக்குறதும் குட்டியோட இருக்குறதும் வந்தா அளக்காமயே உடனே விட்டுடணும். இப்ப தீப்பெட்டி அளவு ரெக்கார்டர்லாம் வந்துடுச்சு, சாயங்காலம் மரத்துல கட்டிட்டு வந்தா ராத்திரி முழுக்க பதிவு பண்ணும். ரெக்கார்டர் போதும்னா வலய எடுக்குறதே இல்லங்கறது எங்க குழு எடுத்த முடிவு. இந்த மூணு மாவட்டத்துல எந்த சத்தம் எந்த வகையோடதுன்னு சேத்துக்கினு வர்றோம், காலேஜ் பசங்க யாராவது அந்தப் பதிவுங்கள கேட்டுப் பிரிக்க வந்தா ரொம்ப உதவியா இருக்கும், ஒரு லேப்டாப்பும் ஹெட்ஃபோனும் இருந்தா வூட்லயே உக்காந்து செய்யலாம்.